மூடாத மேற்கோள்

வெங்கடேஸ்வரி கணினி படிக்கப் போனதற்குக் காரணம் அறிவுத் தாகம் அல்ல, ப்ளீச்சிங் தொட்டி.

இராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற வழியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் அவள் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணிச் சுருளை உறையில் போட்டு, லேபிள் ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. ஒருநாள் முதலாளி கண்ணுச்சாமி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். லேபிள் அடிக்கிற மெஷின் வரப்போகிறது, அதை ஓட்டக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் இருந்தால் போதும், மற்றவர்கள் துணி வெளுக்கிற ப்ளீச்சிங் பிரிவுக்குப் போகவேண்டியதுதான் என்றார்.

வெங்கடேஸ்வரி ஏற்கெனவே ப்ளீச்சிங்கில் இருந்துவிட்டு வந்தவள். அந்த மருந்துத் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளங்கை வெடித்து, சோற்றைப் பிசைந்தால் குழம்பு பட்டுக் காந்தும். கொஞ்ச காலம் அவள் கரண்டியால் சாப்பிட்டதைப் பார்த்து அவள் மாமியார், "மருமக தொரைசானி ஆயிட்டா" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

"நான் படிக்கேன் மொதலாளி" என்று கையைத் தூக்கியது அவள் மட்டும்தான்.

"படி. ஆனா சான்றிதழ் வேணும். ஆஸ்பத்திரிக்குச் சரக்கு எடுக்கவன் ஆடிட்டுக்கு வந்தா, மெஷினப் பாக்க மாட்டான். மெஷின்ல உக்காந்திருக்க ஆளோட சான்றிதழத்தான் பாப்பான்."

அந்தச் சான்றிதழைத் தருகிற இடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. தென்பாண்டி உயர்திறன் மென்பொருள் பயிலகம் என்று பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தை விட நீளமாகப் போய்விட்டதால், 'பயிலகம்' என்ற சொல் மட்டும் பக்கத்து டயர் கடைக்கு மேலே இருந்தது. டயர் வாங்க வந்த சிலர் அப்படித்தான் மாணவர்களாகச் சேர்ந்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அரசு உதவியில் நடந்தது, படிப்பு இலவசம், ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு.

வகுப்பு குத்துவிளக்கோடு தொடங்கும். விளக்கு அணைந்துவிடக் கூடாது என்பதால் மின்விசிறி போடமாட்டார்கள். பிறகு எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுப்பார்கள். "புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி அடிப்பேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்." அதற்குப் பிறகு ஒருங்கிணைப்பாளர் சிவபாண்டி பீரோவைத் திறந்து விசைப்பலகைகளை எடுத்து, பிரசாதம் கொடுப்பது போல ஆளுக்கொன்று கொடுப்பார். இவ்வளவும் முடிய வகுப்பில் பாதி போய்விடும். மீதிப் பாதியில் சனா பாடம் நடத்தினாள்.

சனா மதுரையில் கணினி அறிவியல் பட்டம் வாங்கியவள். வாத்தியார்களிலேயே வயதில் சின்னவள். பயிலகத்தில் இருந்த வாத்தியாரும் அவள் ஒருத்திதான்.

பாடநூலின் பெயர் 'கணினிக் கற்பகம்'. எழுதியவர் பயிலகத்தின் இயக்குநர் முனைவர் தவசிமுத்து. தங்க நிற அட்டை. அட்டையின் முன்பக்கம் அவர் படம். பின்பக்கமும் அவர் படம், கொஞ்சம் சிரித்தபடி. பைத்தான் என்கிற கணினி மொழியில் முதல் பாடம், கணினியை 'வணக்கம்' என்று சொல்லவைப்பது. பிரிண்ட் என்று அடித்து, அடைப்புக்குறி போட்டு, மேற்கோள் குறி போட்டு, வணக்கம் என்று அடித்து, அடைப்புக்குறியை மூடவேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

வெங்கடேஸ்வரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். திரையில் வணக்கம் வரவில்லை. சிவப்பாக ஆங்கிலத்தில் ஏதோ வந்தது.

"ஏம்மா, இது வைய்யுதே" என்றாள்.

சனா வந்து பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். கதவருகே சிவபாண்டி உட்கார்ந்திருந்தார்.

"புத்தகத்துல உள்ளபடியே அடிங்கக்கா."

அடித்தாள். மறுபடி சிவப்பு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடித்தாள். விரலைத் துடைத்துவிட்டு அடித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். பக்கத்து இருக்கையில் இருந்த விஜயபாண்டிக்கும் சிவப்புதான். ஆனால் அவர் கவலைப்படவில்லை. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். சொன்னதைச் சொன்னபடி செய்தால் மேற்கொண்டு என்ன நடந்தாலும் அது மேலிடத்துப் பொறுப்பு என்று பழகியவர்.

"விடுங்க தங்கச்சி. ஆர்டர் என்னவோ அதத்தான நம்ம செய்தோம்" என்றார்.

அன்று மாலை வெங்கடேஸ்வரி பேருந்து நிலையத்தில் இராஜபாளையம் வண்டிக்காக நின்றபோது சனா பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, நீங்க காஸ் சுருளு கட்டுவீங்கல்ல. கடைசியில டேப் ஒட்டாம விட்டா என்னாகும்?"

"பிரிஞ்சு தெருவரைக்கும் ஓடும்."

"அம்புட்டுத்தான். வணக்கத்துக்கு முன்னால ஒரு மேற்கோள் குறி போடுறீங்க. பின்னாலயும் ஒன்னு போட்டாத்தான் வார்த்தை எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியும். புத்தகத்துல ரெண்டாவது விட்டுப்போச்சு."

"அத கிளாஸ்ல சொல்றதுக்கென்ன?"

"புத்தகத்துல தப்புன்னு சொல்லக்கூடாதுன்னு வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிட்டாங்க. வேலைய விட்டா எனக்கு வீட்டுல நிக்காஹ்தான்க்கா. மாப்பிள்ள ரெடியா இருக்காரு. புரோட்டாக் கடை வச்சிருக்காரு. நல்ல மனுசன்தான். எனக்குத்தான் இன்னும் செத்த நாள் வேல பாக்கணும்னு இருக்கு."

அடுத்த வகுப்பில் வெங்கடேஸ்வரி இரண்டாவது குறியையும் போட்டாள். திரையில் கறுப்பு எழுத்தில், சிவப்பு எதுவும் இல்லாமல், அமைதியாக வந்தது: வணக்கம்.

அவள் திரையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டாள். கம்பெனியில் எத்தனையோ வருடமாக மெஷின்களோடு இருக்கிறாள். ஒரு மெஷின் அவளுக்கு வணக்கம் சொல்வது அதுவே முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் சிவபாண்டியைக் கூப்பிட்டுக் காட்டியதுதான் தவறாகப் போயிற்று.

சிவபாண்டி திரையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "இதை யாரும் தொடவேண்டாம்" என்று சொல்லி, திரை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

முனைவர் தவசிமுத்து மெதுவாக வந்தார். துண்டை விலக்கி, சாவு வீட்டில் முகம் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இந்தக் குறியை இங்கே வைக்கச் சொன்னது யார்?"

சனா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் சொல்லலங்கய்யா. கை பட்டுருச்சு" என்றாள் வெங்கடேஸ்வரி.

"கை படலாம். ஆனால் பொருத்தமான இடத்தில் படக்கூடாது" என்றார் இயக்குநர். பிறகு வகுப்பு முழுவதையும் பார்த்துப் பேசினார். "அன்பர்களே, இந்த நூலை நான் கணினியைத் தொடாமலே எழுதினேன். ஏன்? தொட்டால் கணினியின் பக்கம் சாய்ந்துவிடுவோமோ என்கிற அச்சம். நடுநிலை தவறக்கூடாது என்பதற்காக இன்றுவரை தொடவில்லை. மேற்கோளை நான் ஏன் மூடவில்லை? கல்விக்கு முடிவு உண்டா? முடிவில்லாத ஒன்றுக்கு முற்றுக்குறி எதற்கு? திறந்த மனத்தின் அடையாளமாகத்தான் அது திறந்திருக்கிறது. அதை ஓர் அம்மையார் மூடிவிட்டார். அவர் மூடியது குறியை மட்டுமல்ல."

விஜயபாண்டி கைதட்டினார். பட்டாளத்தில் பெரியவர்கள் பேசி முடித்தால் தட்டித்தான் பழக்கம்.

விசாரிக்க ஒரு குழு போடப்பட்டது. அதில் கணினி தெரிந்தவர் ஒருவரும் இருக்கக்கூடாது என்பதில் இயக்குநர் கவனமாக இருந்தார். குற்றவாளி கணினி, அதன் சொந்தக்காரரே தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்டார். எனவே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் வக்கீல் ஒருவரும் குழுவில் அமர்ந்தார்கள்.

தமிழாசிரியர், நம் முன்னோர் ஓலையில் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள், ஒரு குறி போட்டதே தாராளம் என்று கருத்துச் சொன்னார். வக்கீல் வேறு வழியாக வந்தார். "இரண்டாவது குறி வேண்டும் என்று ஒப்புக்கொண்டால், இதுவரை நாம் சான்றிதழ் கொடுத்த அனைவரும் தவறாகப் படித்தவர்கள் என்று ஆகும். அவர்கள் பலர் இப்போது நல்ல நிலையில் இருக்கிறார்கள். சிலர் பிற ஊர்களில் பயிலகம் நடத்துகிறார்கள். எனவே குறி வேண்டாம்."

"அப்ப அந்தச் சிவப்பு?" என்று சிவபாண்டி தயங்கிக் கேட்டார்.

"சிவப்பாக வருவது என்ன? விடை. கேட்ட கேள்விக்குக் கணினி சொல்கிற விடை. அது பிடிக்கவில்லை என்பதற்காக விடை இல்லை என்று ஆகிவிடுமா?" என்றார் வக்கீல்.

தீர்மானம் நிறைவேறியது. இனி முதல் பாடத்தின் சரியான விடை, அந்தச் சிவப்பு வரிதான். தேர்வில் சிவப்பு வரி முழுதாக வந்தால் தேர்ச்சி. வணக்கம் வந்தால் தோல்வி.

அதற்குப் பிறகு வகுப்புகள் தெளிவாக நடந்தன. சிவப்பு வரியை எல்லாரும் மனப்பாடம் செய்தார்கள். "சின்டாக்ஸ் எரர், அன்டெர்மினேட்டட் ஸ்ட்ரிங் லிட்டரல்" என்று விஜயபாண்டி விறைப்பாக நின்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார். அதன் பொருள் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு இயக்குநர், "ஸ்ட்ரிங் என்றால் சரம். இது ஒரு வாழ்த்து" என்று விளக்கினார்.

தேர்வு நாளில் நிதி கொடுக்கிற அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். அவருக்குச் சந்தன மாலை, பால்கோவா, விளக்கேற்றல் எல்லாம் முடிந்த பிறகு தேர்வு தொடங்கியது.

வெங்கடேஸ்வரி அடித்தாள். பிரிண்ட். அடைப்புக்குறி. மேற்கோள். வணக்கம். அங்கே வந்ததும் விரல் தானாக அந்த விசைக்குப் போனது. இடது கையால் வலது கை விரலைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ப்ளீச்சிங் தொட்டியை நினைத்துக்கொண்டு அடைப்புக்குறியை மூடினாள். சிவப்பு வந்தது. சிவபாண்டி பக்கத்தில் வந்து முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார்.

அதிகாரி அவள் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா இது, செவப்பா?"

"விடைங்கய்யா."

"என்ன சொல்லுது?"

"தப்புன்னு சொல்லுது."

"எது தப்பு?"

"அதச் சொல்லக்கூடாதுங்கய்யா."

அதிகாரி குழம்பிப்போய் சனாவைப் பார்த்தார். "நீங்கதான டீச்சர்? இந்தத் தப்ப எடுக்க வழி இல்லையா?"

நேரடியாக ஒருவர் கேட்டு, தெரிந்த பதிலைச் சொல்லாமல் நிற்பது சனாவுக்கு முடியாமல் போயிருக்க வேண்டும். "ஒரு குறி போட்டாப் போதும் சார்" என்று குனிந்து போட்டாள். வணக்கம் வந்தது.

அதிகாரி இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார். முனைவர் தவசிமுத்து கலங்கவில்லை.

"ஐயா, நீங்களே சிந்தியுங்கள். இந்தப் பெண் சொல்வது போல ஒரு குறியில் தீர்ந்துவிடும் என்றால், இதற்கு ஒரு பயிலகம் எதற்கு? ஓர் இயக்குநர் எதற்கு? ஒருங்கிணைப்பாளர் எதற்கு? இவற்றைப் பார்வையிட ஓர் அதிகாரி எதற்கு?"

கடைசிக் கேள்வி அதிகாரியின் மனத்தில் ஆழமாக இறங்கியது. அவர் திரையை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். "சரிதான். இவ்வளவு சுலபமா இருக்க வாய்ப்பில்ல" என்றார். மாணவர்கள் அனைவருக்கும் ஒரே மாதிரி விடை வந்திருக்கும் ஒழுங்கைத் தான் வேறு எங்கும் கண்டதில்லை என்று பாராட்டிப் பேசி, இராஜபாளையத்தில் கிளை தொடங்க அங்கேயே பரிந்துரைத்தார்.

சனாவை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டிருந்ததால் அவளால் ஒன்றும் பேசமுடியவில்லை. அவள் இடத்துக்கு, சிவப்பு வரியை மூச்சு விடாமல் ஒப்பித்த விஜயபாண்டியை நியமித்தார்கள். அவர் சல்யூட் அடித்துப் பதவி ஏற்றார்.

வெங்கடேஸ்வரிக்குச் சான்றிதழ் கிடைத்தது. லேபிள் அறையும் கிடைத்தது. குளிர்சாதனம் வைத்த அறை. ஆனால் உட்கார்ந்த அன்றே ஓர் உண்மை தெரிந்தது: அவளால் அந்த மெஷினை வணக்கம் சொல்ல வைக்க முடியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. காஸ் பெட்டியில் வணக்கம் என்று ஒட்டினால் ஆஸ்பத்திரியில் வாங்கமாட்டார்கள். தொகுதி எண் வேண்டும், தேதி வேண்டும், அளவு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு வந்தது. விதவிதமான சிவப்பு.

அவள் முதலாளியிடம் போய் நின்றாள்.

"மொதலாளி, எனக்குச் சொல்லிக்குடுத்த பிள்ள ஒன்னு ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கு. அதயும் சேத்துக்கிட்டா ரெண்டு பேருமாப் பாத்துக்கிருவோம். இல்லன்னா என்னையும் தொட்டிக்கே அனுப்பிருங்க. எனக்குத் தெரியாததத் தெரியும்னு சொல்லி உக்கார முடியாது."

கண்ணுச்சாமி யோசித்தார். "வேல தெரியுமா?"

"நல்லாத் தெரியும். மதுரையில டிகிரி படிச்சது."

"டிகிரியெல்லாம் ஆடிட்டுல எடுக்க மாட்டான்ம்மா. பயிலகத்துச் சான்றிதழ் இருக்கா?"

"அங்க டீச்சரா இருந்துச்சு."

"டீச்சரா இருந்தா சான்றிதழ் குடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப வாங்கிட்டு வரச்சொல்லு."

வெங்கடேஸ்வரி மறுநாள் சனா வீட்டுக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் சனா சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

"நான் போயி அந்தப் பெஞ்சுல உக்காரணுமாக்கா?"

"உக்காரு. நான் உக்காரலயா? உங்க வாப்பாகிட்ட நான் பேசுதேன். புரோட்டாக் கடை எங்கயும் போயிராது."

சனா இராஜபாளையம் கிளையின் முதல் அணியில் மாணவியாகச் சேர்ந்தாள். விளக்கேற்றினார்கள். உறுதிமொழி எடுத்தார்கள். அங்கேயும் பாடம் நடத்த வந்த விஜயபாண்டி அவளைப் பார்த்ததும் ஒரு கணம் எழுந்து நிற்கப் போனார். பிறகு இப்போது தான்தான் வாத்தியார் என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார்.

"புத்தகத்துல உள்ளபடி அடிங்கம்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

முதல் தேர்வில் சனா தோற்றுப்போனாள். சிறுவயதிலிருந்து அடித்த கை. வணக்கம் முடிந்த நொடியில், அவள் நினைப்பதற்கு முன்பே, விரல் குறியை மூடிவிட்டது. திரையில் கறுப்பு எழுத்து வந்ததும் சிவபாண்டி வருத்தத்தோடு தலையை ஆட்டி, 'அடிப்படை புரியவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுதேர்வுக்கு நாள் குறித்தார்கள். வெங்கடேஸ்வரி வேலை முடிந்ததும் தினமும் அவளை லேபிள் அறைக்கு வரச்சொல்லிப் பயிற்சி கொடுத்தாள்.

"அடி. ம். வணக்கம் போட்டாச்சா? நிறுத்து. கையத் தூக்கு."

"தூக்க மாட்டேங்குதுக்கா. தன்னால போகுது."

"போகத்தான் செய்யும். எனக்கும் போச்சு. ரெண்டு கையவும் மடியில வச்சு பத்து எண்ணு. இந்தச் சுண்டுவிரல்தான எம்புட்டுச் சொன்னாலும் கேக்க மாட்டேங்குது, இங்க காட்டு."

பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு காஸ் சுருளை எடுத்து, சனாவின் சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் சேர்த்துக் கட்டினாள். தேர்வு அறையில் கட்டோடு வந்தவளைப் பார்த்து விஜயபாண்டி, "அடிபட்டுருச்சா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, யாராவது கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

கட்டுப் போட்ட விரலால் ஒரு குறியைப் போடவே சனாவுக்குப் பெரும்பாடாகிவிட்டது. இரண்டாவதைப் போடக் கை எழவில்லை. சிவப்பு முழுதாக வந்தது.

சான்றிதழ் வழங்கும் விழாவில் முனைவர் தவசிமுத்து அவளை மேடைக்கு அழைத்துத் தனியாகப் பாராட்டினார். "இந்த மாணவி முதலில் வழிதவறினார். அளவுக்கு மீறிய படிப்பு அவரைக் கெடுத்திருந்தது. ஆனால் நமது பயிலகம் அவரைக் கைவிடவில்லை. இன்று பாருங்கள், புத்தகத்தில் உள்ளதை அன்றி வேறொன்று அறியார்."

கூட்டம் கைதட்டியது. சனா சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து வணங்கினாள். முன்வரிசையில் இருந்த வெங்கடேஸ்வரியும் உள்ளங்கை சிவக்கத் தட்டினாள்.

கீழே இறங்கி வந்ததும் சனா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சான்றிதழைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னும் மூனு பேர் பேச வேண்டியதிருக்காம்."

"அவிய பேசட்டும். நீ எந்திரி, டவுன் பஸ் போயிரும். விடிஞ்சா ரெண்டு லாரி சரக்கு நிக்கிது. ஒன்னுலயும் தேதி அடிக்கல."